டிரைவர் வீட்டு சோபா

மார்ச் 3

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நலம். உன் நலத்தைப் பிறகு விசாரிக்கிறேன், முதலில் சண்டை.

உன் பயிற்சிப் பள்ளிக்கு நான் அனுப்பியவர்களில் ஒருத்தி கான்ஸ்டபிள் நெட்டை. ஸ்டேஷனில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்று போன் வந்தால் போலீஸ்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இரண்டு வாரம் பாடம் எடுத்தாய். போகும்போது சொன்ன வேலையைச் செய்கிற பெண்ணாகப் போனாள். வரும்போது உன்னை மாதிரி வந்திருக்கிறாள்.

நேற்று மதியம் போலீஸ் குவார்ட்டர்ஸிலிருந்தே ஒரு போன். சத்தம் கேட்டது என் டிரைவர் வீட்டில். பேசியது பக்கத்து வீட்டுக்காரி. நெட்டையும் ஏட்டு தொப்பையாரும் போனார்கள். டிரைவர் கதவைத் திறந்து, "வாங்க ஏட்டையா, உக்காருங்க, டீ சாப்பிடலாம்" என்று உபசரித்திருக்கிறான். தொப்பையார் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அவர் பேரில் தப்பில்லை, அந்த சோபாவில் நாங்கள் எல்லோருமே உட்கார்ந்திருக்கிறோம். இவள் மட்டும் உட்காரவில்லை. "ஏட்டையா, இவரைக் கூட்டிட்டு வெளியில நில்லுங்க" என்று மூத்தவரையே வேலை வாங்கியிருக்கிறாள். அவன் மனைவியை உள்ளறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு பேசி, புகார் எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்து சல்யூட் அடிக்கிறாள். அந்தப் பெண்ணின் மணிக்கட்டு வீங்கியிருக்கிறதாம்.

யார் இந்த டிரைவர் என்று உனக்குத் தெரியும். கலவரத்தன்று ஜீப்பைச் சுற்றிக் கல் மழை பெய்தபோது, நெற்றி உடைந்து ஒரு கண்ணில் ரத்தம் இறங்க, அந்தச் சந்திலிருந்து பின்பக்கமாகவே வண்டியை எடுத்து என்னை வெளியே கொண்டுவந்தவன். அவன் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை இருந்திருக்காது.

புகாரைப் பதிவு செய்யவில்லை. டிராயரில் இருக்கிறது. நெட்டைக்குக் கொஞ்ச நாள் வாசல் காவல் போட்டிருக்கிறேன், சூடு தணியட்டும். நானே நேரில் போய் மேற்படி விவகாரத்தைப் பேசி முடிக்கப்போகிறேன். இனிமேல் என் ஆட்களுக்குப் பாடம் எடுக்கும்போது, அவர்கள் திரும்பிப்போய் வேலை பார்க்க ஒரு ஸ்டேஷன் மிச்சம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடு.

உன் அண்ணன்

*

மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்ததும் போன் செய்தேன். நீ அதை வைத்த வேகத்தில் என் காது இன்னும் வலிக்கிறது. போனில் பேசினால் நாம் இருவருமே கத்துகிறோம், யார் சத்தம் பெரிது என்பதிலேயே விஷயம் போய்விடுகிறது. அதனால் எழுதியே பதில் சொல்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு ரொம்ப வசதி.

என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று போனில் கேட்டாய். பள்ளிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஒரு வீட்டைப் பயிற்சிக்கென்று கேட்டு வாங்கி, சோபா, நாற்காலி, டிவி, அடுப்பு எல்லாம் போட்டுக் குடித்தனம் நடக்கிற வீடு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறேன். ஒரு நாடகக் குழுக்காரர் புருஷனாக நடிப்பார். என் ஆபீஸ் டைப்பிஸ்ட் மனைவியாக நடிப்பாள். பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டிரண்டு பேராகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அவர் கதவைத் திறந்து, "வாங்க சார், உக்காருங்க" என்பார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவார்கள். பதக்கம் வாங்கியவர்களும் உட்காருகிறார்கள். உடனே அவர் மனைவியைப் பார்த்து, "சாருக்குத் தண்ணி கொண்டா" என்பார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் வீட்டுக்காரர், இவர்கள் விருந்தாளி, அவள் பரிமாறுகிறவள். ஒருவன் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஏண்டா அடிச்சே" என்று கேட்க யாருக்கு நாக்கு எழும்பும்?

பிறகு அவன் முன்னாலேயே அவளிடம், "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்பார்கள். அவள், "ஒண்ணுமில்ல சார்" என்பாள். இவர்களுக்கு அப்பாடா என்று இருக்கும், கிளம்பிவிடுவார்கள். "இந்தச் சம்பளத்துக்கு நாள் பூரா ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல சார்னு சொல்லி வாயே கோணிடுச்சு மேடம்" என்கிறாள் டைப்பிஸ்ட்.

நெட்டையும் முதல் நாள் உட்கார்ந்தவள்தான். நான் திட்டித் திட்டி எழுப்பிவிட்டேன். அவள் உன் டிரைவர் வீட்டில் செய்தது அத்தனையும் சரி. அவளைப் போய் வாசலில் நிறுத்தியிருக்கிறாய்.

நேரில் போய்ப் பேசி முடிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். போகாதே. புகாரை டிராயரிலிருந்து எடுத்துப் பதிவு செய். கையெழுத்துப் போட்ட புகார் அது, நீ தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

உன் உயிரை அவன் காப்பாற்றினான். எனக்கும் அவன் மேல் நன்றி உண்டு, எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்தக் கடனை நீ அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அவன் பெண்டாட்டியின் மணிக்கட்டைக் கொடுத்து அடைக்காதே.

தங்கை

*

மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்வந்துவிட்டேன். நீ நினைப்பது போல நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு நடந்துகொள்ளவில்லை. முறைப்படி விசாரித்தேன்.

ஆமாம், சோபாவில்தான் உட்கார்ந்தேன். பின்னே சுவரிலா உட்காருவார்கள்? டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் உட்கார மாட்டேன் என்றான், நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவன் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். மகள் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். டீ வந்தது. நல்ல டீ, அதையும் ஒளிக்கவில்லை.

பிறகு புகாரை எடுத்து வரி வரியாக வாசித்துக் காட்டினேன். புகார் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்க வேண்டும் என்பது நாம் இருவருமே படித்த பாடம். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "இது நீ சொன்னதாம்மா?" என்று மரியாதையாகக் கேட்டேன். "இல்ல சார், கோவத்துல சொல்லிட்டேன்" என்றாள். மணிக்கட்டைக் கேட்டேன். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம். எல்லா வரிக்கும் இல்லை என்றாள். கடைசியில் புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். யாரும் அவளை மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

ஜீப் வரைக்கும் வந்த டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். "சின்னக் குடும்பம் சார், சிதறிடாம காப்பாத்திட்டீங்க" என்றான். மேற்படி விவகாரம் இத்துடன் முடிந்தது. அடுத்த கடிதத்திலாவது உன் உடம்பைப் பற்றி எழுது, இருமல் குறைந்ததா?

அண்ணன்

*

மார்ச் 15

மதிப்பிற்குரிய இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கான்ஸ்டபிளிடம் சொன்னதை, யாரைப் பற்றிச் சொன்னாளோ அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக வாசித்திருக்கிறீர்கள். அவளை மிரட்ட வேறு ஆள் தேவைப்படவில்லை. தாங்கள் ஜீப்பில் ஏறிய பிறகு அந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று தாங்கள் ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தீர்களா?

இந்த விவகாரத்தைத் தங்கள் மேலதிகாரிக்கு எழுதப்போகிறேன். கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. அதற்கு முன் ஒரு வேண்டுகோள். எங்கள் ஒத்திகை வீட்டில் புருஷனாக நடிப்பவர் இம்மாதக் கடைசி வாரம் விடுப்பில் போகிறார். அவருடைய இடத்தில் ஒரு நாள் தாங்கள் நடித்துத் தர வேண்டும். வசனம் எழுதித் தருகிறோம். பயணச் செலவு பள்ளியைச் சேர்ந்தது.

தாங்கள் வராவிட்டால் அந்தக் கடிதம் தபாலில் சேரும்.

இப்படிக்கு,
இன்ஸ்பெக்டர், பயிற்சிப் பிரிவு

பின்குறிப்பு: இருமல் அப்படியே இருக்கிறது.

*

மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

உன் ஒத்திகை வீட்டிலிருந்து சாப்பிடாமல், சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ எழுதிக்கொடுத்த வசனத்தை நான் பேசவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தேன். கதவைத் தட்டினார்கள், நான் திறந்தேன், பயிற்சிக்கு வந்த இரண்டு பிள்ளைகள் விறைப்பாக நின்றார்கள். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது. "வாங்க சார், வாங்க. சின்ன விஷயத்துக்கு உங்களை வெயில்ல அலைய வச்சுட்டா. ரெண்டு நாளா உடம்பு சரியில்ல அவளுக்கு, அதான் எதுக்கெடுத்தாலும் சிடுசிடுங்கறா. உங்க வீட்டுலயும் பாத்திருப்பீங்களே சார்" என்றேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள். உட்கார்ந்தார்கள். அடுத்து வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "பாத்து நடந்துக்கங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது ரொம்ப எளிதாக இருந்தது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒன்று சொல்கிறேன். அவர்களிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவள் எங்கே நிற்கிறாள், எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று எனக்கு ஒவ்வொரு கணமும் தெரிந்திருந்தது. அவள் வாயைத் திறக்கப்போனாள் என்றால் அதற்குள் நான் எதையாவது பேசி நிரப்பினேன். நடிப்புத்தான். ஆனாலும் தண்ணீர் டம்ளரை வைத்ததும் அவள் என்னைவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றாள்.

ஒத்திகை முடிந்ததும் நீ எல்லோரையும் நிற்கவைத்து, அவளுடைய இடது கையை யார் பார்த்தீர்கள் என்று கேட்டாய். காயம் மாதிரி சிவப்பு மை தடவி வைத்திருந்தாயாம். ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை நேரம் கூடவே இருந்த நானும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நான் பேசிய வசனம் முழுக்க டிரைவருடையது. அன்றைக்கு சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் என்னிடம் சொன்னவை. உடம்பு சரியில்லை, சிடுசிடுப்பு, உங்க வீட்டுலயும் பாத்திருப்பீங்களே. அன்றைக்கு நானும் சிரித்தேன்.

மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தை நீ அனுப்பினாலும் சரி. ஆனால் அதற்கு முன் எனக்கு ஒன்று எழுது. அந்தப் பெண்ணிடம் நான் மறுபடியும் எப்படிப் போக வேண்டும்? அண்ணனுக்கு எழுதுவது போல் எழுதாதே. உன் வகுப்புக்கு முதல் நாள் வந்தவனுக்குச் சொல்வது போல் சொல்.

அண்ணன்

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

வகுப்புக்கு வந்தவனுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அந்த வீட்டுக்குப் போகாதே. அவள் வழக்கமாகப் போகிற இடம் எது என்று பார். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வருவாள் இல்லையா, அங்கே ஓர் அறை கேள். டிரைவரை அன்றைக்குத் தூரத்து வேலைக்கு அனுப்பு. ஆனால் சந்தேகம் வருகிற மாதிரி அனுப்பாதே. நீ முதலில் பேசாதே, நெட்டை பேசட்டும், யூனிஃபார்ம் இல்லாமல். நெட்டையை வாசலிலிருந்து எடுக்கும்போது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றும் உனக்கு. சொல், ஆனால் நாலு பேர் முன்னால் சொல். தண்டனை எல்லோருக்கும் தெரிந்துதானே கொடுத்தாய்?

அந்தப் பெண் உன்னைப் பார்க்கச் சம்மதித்தால் மட்டும் உள்ளே போ. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நிற்காதே.

மன்னிப்புக் கேட்கத் துடிப்பாய். கேட்காதே. நீ மன்னிப்புக் கேட்டால் அவள் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், "பரவாயில்ல சார்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அவள் தலையில் இருக்கிற பாரம் போதும். என்ன நடந்தது என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். ஏம்மா இத்தனை நாள் பொறுத்துக்கிட்டே என்று மட்டும் கேட்டுவிடாதே, அந்தக் கேள்வியைக் கேட்டால் உன்னோடு பேசுவதையே விட்டுவிடுவேன்.

அவள் உன்னிடம் ஒரு கேள்வி கேட்பாள். என் அனுபவத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். உனக்குப் பதில் தெரியாது. அப்போது பொய் சொல்லாதே. "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பது போலீஸ்காரன் சொல்கிற பெரிய பொய்.

அவள் மறுத்தால் வற்புறுத்தாமல் வந்துவிடு. மறுபடி போ.

மேலதிகாரிக்கு எழுதியதை இன்னும் அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை.

தங்கை

*

ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

காலை அணிவகுப்பில் எல்லோர் முன்னாலும், நெட்டை செய்தது சரி, நான் செய்தது தவறு என்று சொல்லி அவளை வாசலிலிருந்து எடுத்தேன். தொப்பையார் தொண்டையைச் செருமினார், டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நெட்டை சல்யூட் அடித்தாள். "தேங்க் யூ சார்" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஜீப்பை சர்வீசுக்கு விட டிரைவரைத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். அது எப்படியும் போக வேண்டிய வண்டிதான். பள்ளிக்கூடத்தில் நூலக அறையைக் கொடுத்தார்கள். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து நெட்டை வந்து, "உங்களைக் கூப்பிடறாங்க சார்" என்றாள்.

மணிக்கட்டு வீக்கம் வடிந்திருந்தது. இப்போது வலது கையில் இரண்டு விரலுக்குச் சேர்த்துக் கட்டு. என்ன நடந்தது என்று கேட்டேன். கட்டுப் போட்ட கையை மேசை மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க நல்லா வாசிச்சீங்க சார். நிறுத்தி நிறுத்தி, தெளிவா. அதனாலதான் அவருக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்துச்சு. உங்க ஜீப் போனதும் அதே வரிசையில ஒவ்வொண்ணா திருப்பிச் சொன்னார். இது நீ சொன்னதாம்மா, இது நீ சொன்னதாம்மான்னு உங்களை மாதிரியே கேட்டுக் கேட்டு அடிச்சார். பொண்ணு உள்ள இருந்தா."

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலை பார்த்ததில்லை.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள். "நான் மறுபடி கையெழுத்துப் போட்டா அவரை சஸ்பெண்ட் பண்ணுவீங்க. குவார்ட்டர்ஸ் அவர் பேர்ல இருக்கு. வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. நானும் பொண்ணும் எங்க சார் போறது?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, நாங்க பாத்துக்கறோம்மா என்று. விழுங்கிவிட்டு, "தெரியலம்மா" என்றேன்.

"அப்போ தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்று எழுந்துவிட்டாள். கையெழுத்துப் போடவில்லை.

பத்திரமாக இருக்க வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்டோம். மகளுக்குப் பரீட்சை என்று சொல்லி அந்தப் பக்கத்து வீட்டுக்காரியோடு இரவில் படுக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாளாம். அதை அவளே செய்துகொண்டுவிட்டாள். நான் இப்போது வீடு தேடப்போகிறேன். உனக்கு வழி தெரிந்தால் உடனே எழுது.

அண்ணன்

*

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

வெட்கமாக இருக்கிறது. கதவைத் தட்டுவதிலிருந்து புகார் எழுதுவது வரைக்கும் பாடம் வைத்திருக்கிறேன், புகார் எழுதிய பிறகு அவள் எங்கே தூங்குவாள் என்பதற்குப் பாடம் இல்லை. நேற்றிலிருந்து இருக்கிறது.

விசாரித்துவிட்டேன். குவார்ட்டர்ஸ் ஒதுக்கியது காவலருக்குத்தான் என்றாலும், வழக்கு முடியும் வரை மனைவி குழந்தைகள் அங்கேயே இருக்கலாம், காவலர் வெளியேற வேண்டும் என்று மாவட்ட அதிகாரி உத்தரவு போட முடியும். விதியில் இடம் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை என்கிறார்கள். நீ கேள்.

அந்த மாவட்ட அதிகாரி, உங்கள் பெரியவர், எனக்குப் பழக்கமானவர். நல்ல மனிதர், அதனால்தான் எச்சரிக்கிறேன். ரொம்ப அன்பாக, டிரைவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறேன் என்பார். அப்படிச் செய்தால் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி இருக்க மாட்டாள், நெட்டை இருக்க மாட்டாள், பெயர் தெரியாத ஊரில் அவனும் அவளும் மட்டும் இருப்பார்கள். ஒத்துக்கொள்ளாதே. அவர் உட்காரச் சொல்லி காபி சொல்லி அனுப்பினால், குடிக்கிறதற்கு முன்னாலேயே விஷயத்தைச் சொல்லிவிடு.

மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்து உனக்கே அனுப்பியிருக்கிறேன். அதை என்ன செய்வது என்று நீ முடிவு செய்.

தங்கை

*

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

பெரியவர் நீ சொன்னபடியே சொன்னார். "வேற ஊருக்கு மாத்திடறேன்யா, குடும்பத்தோட போகட்டும். உன் கண்ணு முன்னாடி இருக்க மாட்டான், உனக்கும் சங்கடம் இல்ல" என்றார். என் சங்கடத்தைத் தீர்க்க நான் வரவில்லை என்று சொன்னேன். கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே இருந்த எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

குவார்ட்டர்ஸ் உத்தரவுக்கான மனுவை வைத்தேன். அதோடு உன் கடிதத்தை வைக்கவில்லை. நானே ஒன்று எழுதியிருந்தேன், புகார் என் கைக்கு வந்த நாள், பதிவு செய்யாமல் வைத்திருந்தது, அவன் முன்னால் வாசித்தது, வாபஸ் வாங்கியது எல்லாவற்றையும். அவர் படித்துவிட்டு, "இது கேஸ் கட்டுல சேர்ந்தா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். பிறகு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். இரக்கப்பட்டுப் போட்டாரா, தலைவலி விட்டால் போதும் என்று போட்டாரா, எனக்குத் தெரியாது. நான் எழுதியதையும் வாங்கி வைத்துக்கொண்டார், இன்னும் கேஸ் கட்டில் சேர்க்கவில்லை.

உத்தரவின் நகலை நெட்டைதான் அந்தப் பெண்ணிடம் கொண்டுபோனாள். இரண்டு தடவை படித்துவிட்டு, புதுப் புகாரில் இடது கையால் கையெழுத்துப் போட்டாளாம்.

டிரைவரை நானே கைது செய்தேன். வேறு யாரையும் அனுப்ப மனம் வரவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாவியைக் கேட்டேன். முதலில் புரியாமல் சிரித்தான். புரிந்ததும் அவன் முகம் மாறியது.

"அன்னைக்கு அந்தச் சந்துல உங்களை விட்டுட்டு ஓடியிருக்கணும் சார்" என்றான்.

"நீ ஓடல. அதுக்கு உயிர் இருக்கற வரைக்கும் உனக்கு நான் கடன்பட்டிருக்கேன். அது தீராது. ஏறு" என்றேன்.

பின்சீட்டில் ஏறினான். நான் ஓட்டினேன். எனக்கு அழுகை வந்தது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஸ்டேஷனில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. தொப்பையார் பேசுகிறார், ஆனால் 'சார்' மட்டும் குறைந்துவிட்டது.

நேற்று அவள் நெட்டையோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். அவனுடைய ஜாமீன் மனு இருபத்தெட்டாம் தேதி வருகிறது. அவன் வக்கீல், அவள் முதலில் எழுதிக்கொடுத்த வாபஸ் கடிதத்தைத்தான் நம்பியிருக்கிறார். ஒன்றுமே நடக்கவில்லை என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும்? ஜாமீன் கிடைத்தால் அவன் நேராக எங்கே வருவான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எதுக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டேன்னு நான் சொன்னா நம்புவாங்களா சார்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "நீ சொல்ல வேண்டாம்மா. நான் சொல்றேன்" என்றேன்.

சொன்னால் விசாரணை என் மேல் திரும்பும். வேலை போனால் போகட்டும் என்று உனக்கு வீரமாக எழுத ஆசைதான், ஆனால் வேலை போகக் கூடாது. இந்த வேலை எனக்குப் பிடிக்கும், வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ராத்திரி சரியாகத் தூக்கம் வருவதில்லை. உன் அண்ணி, "போய்ச் சொல்லிட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். யூனிஃபார்மை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். இருபத்தெட்டாம் தேதி காலை கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, அந்தக் கையெழுத்தை அவளிடமிருந்து வாங்கியது அவள் புருஷன் இல்லை, நான்தான் என்று சொல்லப்போகிறேன்.

அண்ணன்